முப்பது வயதில் கட்டிய கம்பி

என் மகள் இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய டீச்சர் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லியிருந்தார். என்னவோ ஏதோ என்று பதறிக்கொண்டு போனேன். "பிள்ளை நல்லாப் படிக்கிறா. சிரிக்கும்போதுதான் எப்பவும் வாயைப் பொத்திக்கிறா. பாட்டுப் பாடச் சொன்னாக்கூட கை வாய்க்குப் போயிருது. பல்லுல வலி ஏதும் இருக்கான்னு டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்றார்.

நாங்கள் குடியிருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். நான் வேலை பார்த்தது இராஜபாளையத்தில், காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனி ஒன்றில். தினமும் டவுன் பஸ்ஸில் போய் வருவேன். கம்பெனிக்குப் போகிற வழியில் ஒரு மாடியில் பல் ஆஸ்பத்திரி போர்டு தொங்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதுரையிலிருந்து ஒரு டாக்டரம்மா அங்கே வருவார் என்று தெரியும். அடுத்த ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லி, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு எல்லாப் பல்லையும் பார்த்தார். "ரெண்டு பால் பல் ஆடுது. வேற ஒண்ணுமில்ல. ரொம்ப அழகான பல்லு" என்றார். பிறகு அவளிடமே கேட்டார்: "அப்புறம் ஏம்மா வாயை மூடிக்கிற?"

"சிரிச்சா மூடணும்ல" என்றாள் என் மகள். "எங்கம்மா அப்படித்தான் மூடுவாங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். என் சேலை முந்தானை அப்போது என் வாய்மேல்தான் இருந்தது. அதைக் கீழே இறக்கவும் முடியவில்லை, அப்படியே வைத்திருக்கவும் முடியவில்லை.

எனக்குப் பல் எடுப்பு. மேல் வரிசை நாலு பல்லும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். உதட்டை இழுத்துப் பிடித்தால்தான் வாய் மூடும். என் அம்மாவுக்கும் அப்படித்தான். அம்மா அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரியே தெரியாது. வாய்விட்டுச் சிரிப்பாள். நான் பத்தாவது படிக்கும்போது அவள் மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னைத் "தேங்காய் துருவி" என்பார்கள். எந்த வயதில் கை வாய்க்குப் போக ஆரம்பித்தது என்று எனக்கு நினைவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் வரிசையாக வந்தார்கள், காபி குடித்தார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். நாலு வருஷம் இப்படி ஓடியது.

கடைசியில் பட்டாளத்துக்காரர் ஒருவர் இரண்டு மாத லீவில் வந்து என்னைப் பார்த்தார். அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டார். முப்பதாம் நாள் கல்யாணம். அதற்குப் பிறகு இருபத்தைந்து நாள் ஒன்றாக இருந்தோம். அவர் ரயிலேறிப் போய்விட்டார். பெண் பார்க்க வந்த அன்று நான் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். என் பல்லைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றாரா, பார்க்காமல் சொன்னாரா? அந்தக் கேள்வி எனக்குள் எட்டு வருஷம் இருந்தது. அந்த எட்டு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் ஒன்றரை வருஷம் தேறாது. இருக்கிற கொஞ்ச நாளில் இதைக் கேட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்காமலே இருந்தேன்.

பேண்டேஜ் கம்பெனி வேலை எனக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே பஞ்சுத் தூசி பறக்கும் என்று பெண்கள் எல்லோரும் மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொள்வோம். துணியை மடித்துச் சுருட்டுகிற மேஜையில் எட்டுப் பேர் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். அங்கே நான் எவ்வளவு சிரித்தாலும் யாருக்கும் எதுவும் தெரியாது. சாயங்காலம் துணியை அவிழ்த்ததும் கை தானாக மேலே வந்துவிடும்.

டாக்டரம்மா என்னை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார். பார்க்கத்தானே, காசு வேண்டாம் என்றார்.

"கம்பி கட்டினா உள்ள போயிரும்" என்றார்.

"அது சின்னப் பிள்ளைகளுக்குத்தான டாக்டர்? எனக்கு முப்பது வயசாச்சு."

"சின்னப் பிள்ளைக்கு ஒண்ணரை வருஷம் ஆகும். உங்களுக்கு எலும்பு இறுகிப் போச்சு, ரெண்டரை வருஷம் ஆகும். வலிக்கும். இடம் பண்றதுக்கு நாலு பல்லு எடுக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். நாங்கள் மூன்று பேரும்தான் அந்த வீட்டில். அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். கை நின்றது.

"ஏட்டி, நல்லா இருக்கிற நாலு பல்லைப் புடுங்கணுமா?"

"எடுத்தாத்தான் மத்தது உள்ள போகுமாம் அத்தை."

"யாரும் இப்பக் கேட்டாகளா? புள்ளையே பெத்தாச்சு." மறுபடி புடைக்க ஆரம்பித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்கள்: "புருஷன் ஊர்ல இல்லாத நேரத்துல மூஞ்சியச் சரி பண்றான்னு தெருவுல பேசுவாக. அதுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

அத்தை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தெரு அப்படிப் பேசும் என்பதும் உண்மை. அவருக்கு எழுதிக் கேட்டுக்கொள்கிறேன் என்றேன்.

அப்போது அவர் காஷ்மீர்ப் பக்கம் இருந்தார். என் கடிதம் போய்ச் சேர பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும், அவர் பதில் வர அதே அளவு. இன்லேண்டு லெட்டரில் மகளின் மார்க்கு, அத்தையின் முட்டி வலி, மழை பெய்தது, பெய்யாதது எல்லாம் எழுதி, கடைசியில் இடமில்லாத இடத்தில் பொடி எழுத்தில் எழுதினேன். பல்லுக்குக் கம்பி கட்டலாம் என்று டாக்டர் சொல்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று. பதில் வந்தது. அங்கே குளிர், சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறோம், அம்மாவுக்கு எண்ணெய் வாங்கிக் கொடு, மகளைக் கணக்கில் கவனிக்கச் சொல். பல்லைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒட்டுகிற மடிப்புக்குள் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்றுகூடப் பார்த்தேன்.

மறுபடி எழுதினேன், இந்தத் தடவை முதல் வரியிலேயே. மறுபடி பதில் வந்தது. மறுபடி ஒன்றுமில்லை.

பிடிக்கவில்லையா, கோபமா, இல்லை இதெல்லாம் ஒரு விஷயமா என்று விட்டுவிட்டாரா? பக்கத்தில் இருக்கிற மனிதர் பேசாமல் இருந்தால் முகத்தைப் பார்த்தாவது ஊகிக்கலாம். இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறவர் பேசாமல் இருந்தால் எதைப் பார்ப்பது?

மூன்றாவது கடிதம் எழுதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளுக்குச் செருப்பு வாங்க அவளைக் கூட்டிக்கொண்டு இராஜபாளையம் போனேன். பஸ்ஸில் நல்ல கூட்டம். ஒரு பெரியவர் கோழி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்க, "அது என் சோலியாத்தான் வருது, அதுக்குச் சொந்த சோலி கெடையாது" என்றார் பெரியவர். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பியபோது மகளைப் பார்த்தேன். தலையை லேசாக இடதுபக்கம் சாய்த்து, நாலு விரலையும் சேர்த்து வாய்மேல் வைத்து அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் அதே சாய்வில், அதே விரல்களோடு இருந்தேன். அவ்வளவு அழகான பல்லை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை மூடிக்கொண்டிருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் செருப்புக் கடைக்குப் போகவில்லை. நேராக மாடிப்படி ஏறினேன்.

"வீட்ல கேட்டுட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"கேட்டாச்சு. பதில் வரலை. நீங்க ஆரம்பிங்க" என்றேன்.

முதலில் அளவு எடுத்தார். ஒரு தட்டில் களிமாதிரி எதையோ நிரப்பி வாய்க்குள் அமுக்கி, இறுகியதும் எடுத்தார். அந்த அச்சில் வெள்ளை மாவை ஊற்றி என் பல் வரிசையை அப்படியே செய்து அடுத்த வாரம் காட்டினார். எலும்பு முறிந்தால் கட்டுப் போடுகிறார்களே, அதே மாவு. எங்கள் கம்பெனியிலேயே அந்த மாவு தடவிய கட்டுத்துணி செய்கிற பகுதி உண்டு. அதனால் கையில் வாங்கும்போது புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. திருப்பிப் பார்த்தேன். அது என் அம்மாவின் வாய். இடது பக்கத்து முன்பல் லேசாகத் திரும்பியிருப்பது உட்பட எல்லாம் அவள்தான். அவளுக்கு ஒரே ஒரு போட்டோ இருந்தது, அதில் வாயை மூடியிருப்பாள். இவ்வளவு வருஷம் அவளுடைய சிரிப்பை என் வாயிலேயே வைத்துக்கொண்டு, அதை மூடி மூடி வைத்திருந்திருக்கிறேன் என்று நினைத்தபோது நாற்காலியை விட்டு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

"பயமா இருக்கா?" என்றார் டாக்டரம்மா.

"இல்ல. எங்கம்மா ஞாபகம்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கமாகப் போய் நின்றுகொண்டார். நான் அந்த அச்சை மேஜைமேல் வைத்துவிட்டு வாயைத் திறந்தேன்.

இரண்டு பல் அன்றைக்கு, இரண்டு பல் அடுத்த வாரம் எடுத்தார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். செத்த நேரம் கழித்து அத்தை வந்து கஞ்சியை ஆற்றிக் கொடுத்தார்கள். "சொன்னாக் கேக்கவா போற" என்று மட்டும் சொன்னார்கள். அன்றிலிருந்து நான் கம்பியை முடுக்கிவிட்டு வருகிற ஞாயிறெல்லாம் வீட்டில் குழைந்த சோறும் ரசமும்தான் இருக்கும். நான் கேட்டதில்லை.

கம்பி கட்டிய பிறகு முதல் மாதம் எதையும் கடிக்க முடியவில்லை. கன்னத்தின் உள்பக்கம் உரசி உரசிப் புண்ணாகிவிட்டது. "ச", "ஸ" எதுவும் சரியாக வரவில்லை. தெருவில் பேசினார்கள்தான். "பட்டாளத்தான் பொண்டாட்டி பல்லுக்கு வேலி போட்டிருக்கா" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. அதற்கு அத்தை, "அவனுக்குத் தெரிஞ்சுதான் நடக்கு. உன் வீட்டுச் சோலியப் பாரு" என்றார்கள். அவருக்குத் தெரிந்துதான் நடக்கிறது என்பது பாதி உண்மை. கம்பி கட்டியாயிற்று என்று எழுதிவிட்டேன். அதற்கும் பதிலில் ஒன்றுமில்லை.

அடுத்த வருஷம் அவர் லீவில் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, மகளைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்த்து "நல்லா இருக்கியா" என்றார். நான் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினேன். பத்து நாள் வரை அவர் பல்லைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. டாக்டரிடம் போகவேண்டும் என்றேன். "நானும் வாரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கம்பியை முடுக்கி முடித்ததும் தாடை முழுக்க விண்விண் என்று தெறித்தது. ஜில்லென்று ஏதாவது குடித்தால் கொஞ்சம் அடங்கும். அவரே கவனித்துப் பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஒரு கூல்டிரிங்க்ஸ் கடைக்குக் கூட்டிப்போய் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். வலியோ என்னவோ, பயம் போய்விட்டிருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றேன். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு எம் பல்லப் பாத்தீகளா?"

அவர் யோசிக்கவெல்லாம் இல்லை. "இல்ல. நீ தலையத் தூக்கவே இல்லையே. கலியாணம் முடிஞ்சு மூணாம் நாள்தான் பாத்தேன். நீ கெணத்தடியில துணி அலசிக்கிட்டு இருந்த, ரெண்டு கையிலயும் துணி."

"பொறவு?"

"பொறவு என்ன. பாத்தேன். அம்புட்டுதான்."

"அப்ப கம்பி கட்டவான்னு கேட்டு எழுதினதுக்கு ஏன் ஒண்ணும் எழுதலை? எம்புட்டு நாள் அந்த லெட்டரப் பாத்துக்கிட்டே இருந்தேன் தெரியுமா?"

அவர் டம்ளரை மேஜைமேல் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். "எழுதி எழுதிக் கிழிச்சேன்" என்றார். "வேண்டாம்னு எழுதினா உன் ஆசையக் கெடுத்தவனாயிருவேன். கட்டிக்கோன்னு எழுதினா, அப்ப இம்புட்டு நாளா எனக்குப் பிடிக்கலைன்னுல்ல நீ நெனைப்ப? பக்கத்துல இருந்தா எப்படியாச்சும் சொல்லிருப்பேன். தாள்ல எழுதத் தெரியலை."

நான் ரோஸ் மில்க்கை ஒரு வாய் குடித்தேன். அவர்தான் மறுபடி பேசினார். அவர் அப்படித் தொடர்ந்து பேசுகிற ஆள் இல்லை.

"அங்க டூட்டியில நிக்கும்போது உன்னைய நெனைப்பேன். பாதி மூஞ்சிதான் வரும். கண்ணு வருது, நெத்தி வருது. அதுக்குக் கீழ கைதான் வருது. கூட இருக்கிறவனெல்லாம் பொண்டாட்டி சிரிக்கிறதப் பத்திப் பேசுவானுக. எனக்குச் சொல்ல ஒண்ணும் இருக்காது."

கடையில் யாரோ காசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஒரு பஸ் திரும்பியது. ஒரு மனுஷன் எட்டு வருஷமாகப் பாதி முகத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரத்தில் நின்றிருக்கிறார், அதைக்கூட என்னிடம் கேட்கவில்லை. நான் என் பல்லை ஊரிடமிருந்து மறைத்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

அந்த லீவு முடிந்து அவர் கிளம்பிய அன்று ஸ்டேஷனில், மகள் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போயிருந்தபோது, "ஒருக்க சிரியேன்" என்றார். "கம்பியோட இருந்தாப் பரவால்ல." நான் சிரிக்க முயன்றேன். கையைக் கீழேயே வைத்துக்கொண்டேன், ஆனால் வாய் கோணிக்கொண்டு போனது. அழுகைதான் வந்தது. வண்டி நகர்ந்துவிட்டது. கதவுக்குப் பக்கத்தில் நின்றபடி பரவாயில்லை என்பதுபோல் அவர் கையை ஆட்டினார். அதற்குப் பிறகு பதினான்கு மாதம் அவருக்கு லீவு கிடைக்கவில்லை.

அந்தப் பதினான்கு மாதமும் எனக்கு நீளமான மாதங்கள். வேறு எந்தப் பிரிவிலும் நான் அப்படித் தவித்ததில்லை. மாதம் ஒரு ஞாயிறு மாடிப்படி ஏறுவேன். டாக்டரம்மா கம்பியை மாற்றிவிட்டு, "நல்லாப் போகுது" என்பார். கண்ணாடியில் பார்த்தால் ஒரு நாளைக்கும் அடுத்த நாளைக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு நாள் பஸ்ஸில் தூங்கி எழுந்தபோது உதடு தானாக மூடியிருந்தது தெரிந்தது. இழுத்துப் பிடிக்காமல் அதுவாகவே மூடியிருந்தது. இதை யாரிடம் சொல்வது? அவரிடம் சொல்லவேண்டும் போல் இருந்தது. அன்றைக்கு எழுதிய கடிதத்தில் அதை மட்டும்தான் எழுதினேன், முழுக் காகிதத்துக்கு. "நல்லது" என்று எழுதியிருந்தார். அடுத்த வரியில், "நான் வந்து பார்க்கிறேன்" என்று.

என் மகள் வாயைப் பொத்துவதை எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் கவனித்தபோது அது இல்லை. நான் பார்க்காத ஏதோ ஒரு நாளில் போயிருக்கிறது.

கம்பியை அவிழ்த்த அன்று டாக்டரம்மா கண்ணாடியைக் கையில் கொடுத்தார். பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. மனசுக்குள் சந்தோஷம் பொங்கும் என்று நினைத்திருந்தேன். கண்ணாடியில் இருந்தவள் என் அம்மாவைப் போல் இல்லை. நாக்கு பழைய இடத்தில் பல்லைத் தேடித் தேடிப் பார்த்தது. "போட்டோ எடுத்து அனுப்புங்க உங்க வீட்டுக்காரருக்கு" என்றார் டாக்டரம்மா. எடுக்கவில்லை. ஸ்டூடியோவில் யாரோ சொல்லிச் சிரிக்கிற சிரிப்பை அனுப்ப எனக்கு மனமில்லை. அவர் வந்துதான் பார்க்கட்டும் என்றிருந்தேன். வருவதற்குள் இன்னும் மூன்று மாதம் ஆனது.

ஐப்பசி மழையில் வந்தார். ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் நேராக என் முகத்தைப் பார்த்தார். எனக்குக் கூச்சமாகிக் குடையைத் தாழ்த்திவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு பேருமே ஜாக்கிரதையாக இருந்தோம். அவர் "சிரி" என்று கேட்கவில்லை. நானும் சும்மா சிரிக்கவில்லை. நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

ஒரு மத்தியானம் மழை விட்டிருந்தது. அத்தை முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டிவைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். மகள் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் பேசவேண்டிய பேச்சை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே" என்று ஆரம்பித்தவள், அடுத்த வரி மறந்துபோய் மறுபடி "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே" என்றாள். மூன்றாவது தடவையும் அதையே சொன்னதும் அத்தை, "அந்தத் தலைவரு எழுந்து போயிட்டாரு ஏட்டி, அடுத்த ஆளக் கூப்புடு" என்றார்கள். சொல்லிவிட்டு அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அடக்கவே முடியவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

சிரிப்புக்கு நடுவில்தான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அவர் சவரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பி நின்றிருந்தார். ஒரு கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது. பல்லைச் சோதிக்கிற பார்வை இல்லை அது. வெகு தூரம் போகிறவன் வழியை மனசில் வாங்கிக்கொள்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பவில்லை. அவருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் பார்க்கட்டும் என்று அப்படியே இருந்தேன்.

அவர் திரும்பிப் போக அப்போது இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது.